காட்டுப்பூனையும் கொல்லைக் கோழியும்

குடியானவர் வீடுகளில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்மக்களின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. நெல் விற்ற பணம் கடனுக்கும் வரிக்கும் போனாலும், முட்டை விற்ற காசு வீட்டு அம்மாளின் முந்தானையில் தங்குகிறது. பிள்ளைகளின் புஸ்தகத்திற்கும் அவசர வைத்தியத்திற்கும் அக்காசே உதவுகிறது. ஆகையால் ஓர் இரவில் நான்கு பெட்டைகள் மாண்டால், அதை அற்ப நஷ்டமென்று தள்ளிவிடுவதற்கில்லை. காவிரிப் பாசனக் கிராமங்களில் இது குறித்து என்னிடம் முறையிடுவோர் பலர். "காட்டுப்பூனையைக் கொல்ல மருந்து உண்டா?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. நான் முதலில் பார்க்க விரும்புவதோ அவர்களுடைய கோழிக்கூட்டின் கதவையே.

திருடனை அறிதல்

கொன்றது எது என்று தெளிந்த பின்னரே காவலைப் பற்றி யோசிக்க வேண்டும். காட்டுப்பூனை வீட்டுப்பூனையிலும் பெரியது. நீண்ட கால்களும் மணல் நிறமும் உடையது. காது நுனியில் சிறு கருமயிர் நிற்கும். வால் குட்டையாய், நுனிப்புறம் கறுப்பு வளையங்களுடன் இருக்கும். ஈரமண்ணில் அதன் அடி வட்டமாகவும், நான்கு விரல்களுடன் நகக்குறி இன்றியும் பதியும். பெரும்பாலும் கோழியைக் கவ்விப் புதருக்குக் கொண்டுபோய்விடும். வழியில் இறகுகள் சிந்திக் கிடக்கும். அடிச்சுவட்டில் நகம் பதிந்திருந்தால் கீரி, நரி முதலியவற்றின்மேல் ஐயங்கொள்க. முட்டைகள் உடைந்து கிடந்தால் கீரியாகவும், சிறு குஞ்சுகள் மாத்திரம் மறைந்தால் பெருச்சாளியாகவும் இருக்கக்கூடும்.

வரும் நேரமும் இடமும்

காட்டுப்பூனையைப் பழந்தமிழர் வெருகு என்றனர். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியோரம் வெருகு வரக்கண்ட பெட்டைக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைக் கூறுகிறார். மாலையும் வேலியும் ஆகிய அவ்விரண்டுமே இன்றும் நாம் காக்க வேண்டியவை. நாணற்புதரிலும் கரும்புத் தோட்டத்திலும் பதுங்கியிருக்கும் இப்பிராணி, அந்தி மயங்கும்போது வேலிமறைவைப் பற்றிக்கொண்டே கொல்லைக்கு வருகிறது.

என் பிழை ஒன்று

சில வருஷங்களுக்கு முன்பு, கணவனை இழந்த ஓர் அம்மாளின் கொல்லையில் மாதிரிக்காக ஒரு கூடு கட்டுவித்தேன். பக்கங்களுக்கு 2 அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்து, கோழிகள் அமரும் சட்டத்தை வலையை ஒட்டியே பொருத்தினேன். மூன்றாம் வாரம் காலையில் ஆள் வந்தது. போய்ப் பார்க்கையில் இரண்டு பெட்டைகள் கூட்டிற்குள்ளேயே செத்துக் கிடந்தன. பூனை உள்ளே நுழையவில்லை. வலைக்கண் வழியே முன்காலை நீட்டிப் பற்றியிழுத்திருக்கிறது. "ஐயா கட்டிக்கொடுத்த கூடு என்று நிம்மதியாகத் தூங்கினேன்" என்று மாத்திரமே அவ்வம்மாள் கூறினார். குற்றம் என்னுடையது. கீழ்க்கண்ட முறைகள் அதன்பின் நான் திருத்திக்கொண்டவை.

காவல் முறைகள்

1. பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள கூடு போதும். பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே ஏற்றது. கீழ்ப்புறம் 2 அடி உயரத்திற்குச் செங்கல் அல்லது பலகைச் சுவர் நன்று.

2. தரையில் அமையும் கூடாயின், வலையை மண்ணுக்குள் 1 அடி ஆழம் இறக்கி, அடியில் வெளிப்புறமாக மடித்துப் புதைக்க வேண்டும். தோண்டிவரும் பிராணிகளை இது தடுக்கும்.

3. சட்டத்தைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே பொருத்துக. கதவுக்குச் சுழல்கட்டை போதாது. நாதாங்கியில் ஆணி செருகி வைக்க வேண்டும்.

4. பிரதி தினமும் பொழுது சாயுமுன் கூட்டிற்குள் ஒரு பிடி கம்பு அல்லது குருணை இடுக. சில நாட்களில் கோழிகள் அழைக்காமலே வந்து அடையும். மரத்தில் அடையும் வழக்கத்தை விடச்செய்ய இதைவிட எளிய வழி இல்லை.

5. பஞ்சாரத்தில் கவிழ்ப்போர் அதன்மேல் கனமான கல்லை வைக்க வேண்டும். அடைக்கோழியை 21 நாளும் வீட்டிற்குள் வைப்பதே உத்தமம்.

6. கூட்டைச் சுற்றி 10 அடிக்குப் புதர்களை வெட்டித் துப்புரவு செய்க. செத்த கோழியையும் குடலையும் வேலியோரம் எறியாமல் ஆழப் புதைக்க வேண்டும்.

ஏன் கொல்லலாகாது?

காட்டுப்பூனையின் முக்கிய ஆகாரம் கோழியன்று, எலியே. ராஜஸ்தானத்துச் சரிஸ்கா வனத்தில் நடந்த ஆராய்ச்சியில், அது நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை தின்பதாக மதிப்பிட்டனர். குறைந்த கணக்காகிய 3 என்று கொண்டாலும் வருஷத்திற்கு ஆயிரம் எலிகளுக்கு மேலாகிறது. சம்பாப் பயிர் கதிர் வாங்கும் காலத்தில் எலியால் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விஷம் கலந்த இறைச்சியோ, அதை நாடிவரும் நாயையும் பருந்தையும் சேர்த்தே கொல்லும். மேலும், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பூனையைக் கொல்லுதலும், விஷம் வைத்தலும், கண்ணி வைத்துப் பிடித்தலும் தண்டனைக்குரிய குற்றங்களாம். கரும்பு வெட்டும்போது குட்டிகளைக் கண்டால், தொடாமல் அவ்விடத்தைவிட்டு விலகுக. தாய் இருட்டியபின் வந்து அவற்றைக் கொண்டுபோகும்.

மேற்சொன்ன அம்மாளின் கூட்டை என் செலவில் திருத்திக்கொடுத்தேன். மழைநாட்களின் காலையில் அக்கூட்டைச் சுற்றி வட்டமான அடிச்சுவடுகள் இன்றும் காணப்படுகின்றன. கோழிகளின் எண்ணிக்கை குறையவில்லை. பூனை அங்கிருந்து வயலுக்குத் திரும்பி, தன் வேலையைப் பார்க்கிறது. இதை வாசிக்கும் குடியானவர்கள் இன்று மாலையே தங்கள் கூட்டின் கதவை ஒருமுறை அசைத்துப் பார்ப்பார்களாக.