நீதவான்கள் தீர்த்த ஞானஸ்நானம்

கல்முனைக் கடற்கரையில் அஸர் தொழுகைக்குப் பின் என்னோடு உலாவ வரும் நண்பரொருவர் உளர். ஓய்வுபெற்ற ஆசிரியர், மெதடிஸ்த குடும்பத்திற் பிறந்து, நாற்பது வயதின்மேற் கத்தோலிக்கரானவர். ஏன் மாறினீர் என்று நான் பல்லாண்டாகக் கேட்டதில்லை. அயலவரின் அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பது போன்ற கேள்வி அது. சென்ற மாதம் அவராகவே தொடங்கினார்.

"காக்கா, ஞானஸ்நானம் எதைத் தரும் என்பதில் நீதவான்கள் தீர்ப்பளித்த கதை தெரியுமா?"

கதை இங்கிலாந்தினது. கோரம் என்னும் குருவை ஒரு பங்குக்கு நியமிக்க, எக்சிற்றர் அத்தியட்சர் பில்பொட்ஸ் மறுத்தார். குழந்தைக்கு அளிக்கும் ஞானஸ்நானம் எவ்வித நிபந்தனையுமின்றி மறுபிறப்பைத் தரும் என்பது அத்தியட்சரின் போதனை. கோரம் அதனை ஏற்றிலர். திருச்சபை நீதிமன்றம் 1849 இல் அத்தியட்சர் பக்கம் நின்றது. 1850 மார்ச்சில் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு அத்தீர்ப்பைப் புரட்டியது. அத்தியட்சர்கள் அங்கே ஆலோசகராக அமர்ந்தனரேயன்றி, தீர்ப்பு அரசியின் குழுவினுடையது. அதைக் கண்டு மனமுடைந்த குருமாருள் ஒருவரே ஹென்றி மானிங். அவர் 1851 ஏப்பிரலிற் கத்தோலிக்கரானார். 1875 இற் கர்தினாலுமானார்.

"அரசு திறக்கவும் பூட்டவும் கூடிய கதவுக்குள்ளே எப்படி நிம்மதியாக ஜெபிப்பது? என் மாற்றத்துக்கு அதுவே காரணம்," என்றார் நண்பர்.

நான் எளிதில் விடவில்லை. அந்தக் குழு, கோரமின் கொள்கை உண்மையா என்று ஆராயவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் விதிகளுக்கு முரணா என்றே ஆராய்ந்தது. மேலும், பாப்பரசருக்கே 1870 வரை ஒரு நாடு இருந்தது. போர்த்துக்கேய மன்னர் தம் ஆட்சிப் பரப்புக்கு மேற்றிராணிமாரைப் பெயர் குறித்து அனுப்பவில்லையா? 1626 இல் அவர்களால் விரட்டப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் இக்கரையிற் குடியேற்றினான் என்பது எங்கள் ஊர்களில் வழங்கும் வரலாறு.

"நாடு போயிற்று, உபதேசம் போகவில்லையே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு முழு விடையாகவில்லை.

எனினும் இவ்விலங்கையின் கதை அவர் பக்கமே பேசுகிறது. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தந்தவர்க்கு மரணதண்டனை என்று 1658 இல் ஒல்லாந்தர் விளம்பரஞ் செய்தனர். உத்தியோகம் வேண்டினோர் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றாயிற்று. வீட்டினுள்ளே செபமாலை தொடர்ந்தது. 1687 இல் இங்கு வந்த யோசே வாஸ் முனிவர் மறைந்து திரிந்தே மக்களைத் தேடினார். அரசு பேரேட்டை மாற்றிற்று, நெஞ்சை மாற்றவில்லை.

கத்தோலிக்கர் மீதிருந்த அந்தத் தளைகளைத் தேசாதிபதி மெயிற்லாந்து 1806 இல் நீக்கினார். அதே ஆண்டில், அதே ஆட்சியில், எங்கள் விவாகமும் முதுசமும் பற்றிய முகம்மதியச் சட்டக்கோவையும் பிரகடனமாயிற்று. ஒருவருக்குக் கட்டவிழ்த்த கை, மற்றவருக்கு ஏடு எழுதியது. இதை நான் சொல்லவும் நண்பர் நின்று விட்டார்.

"அப்படியானால் உங்கள் காதியாரை நியமிப்பது யார்?"

"நீதிச்சேவை ஆணைக்குழு," என்றேன். சொல்லும்போதே நாக்குக் கனத்தது.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்கீழ் என் மகளின் நிக்காஹ் பதிவானது. நான் வலியாகக் கையெழுத்திட்டேன், மாப்பிள்ளையும் இட்டார். தனக்கு ஏன் அங்கே இடமில்லை என்று மகள் கேட்டாள். "மார்க்கம் அப்படி, மகள்," என்று சொல்லி விட்டேன். அந்தப் படிவத்தை அச்சிட்டது மார்க்கமன்று, பாராளுமன்றம் என்பது அந்நேரம் என் நினைவுக்கு வரவில்லை. சட்டத்தைத் திருத்தலாமா கூடாதா என்று 2009 முதல் ஆலோசனைக் குழுவும் அறிக்கையும் வாக்குவாதமுமாய் நடந்து வந்துள்ளது. ஒரு சாரார் அது அல்லாஹ்வின் சட்டம் என்கின்றனர். மறு சாரார் அரசாங்கத்தின் சட்டம் என்கின்றனர். நான் இரு பக்கத்திலும் தலையசைத்திருக்கிறேன்.

மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. நண்பர் கோயிலடிப் பக்கம் திரும்பினார். நான் பள்ளிக்குப் போகும் வழியிலே, மகளுக்கு இன்றிரவு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு நடந்தேன்.