கழிப்பறைத் துப்புரவுப் பொருட்கள்

கழிப்பறைத் துப்புரவுப் பொருட்கள் என்பவை கழிப்பறைப் பீங்கானில் படியும் கறையை நீக்கவும் கிருமிகளை அழிக்கவும் வீடுகளில் பயன்படும் வேதிப்பொருட்கள் ஆகும். இவற்றுள் அமில வகை, வெளுப்பான் வகை ஆகிய இரண்டும் முதன்மையானவை. இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

கறையின் தன்மை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணியின் நீர் பொதுவாக மென்னீர் ஆகும். ஆற்றுநீர் வரும் வீடுகளில் உப்புக்கறை குறைவு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் பீங்கான் விரைவில் மங்கிச் சொரசொரப்பாகிறது. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிவதே காரணம். நீரில் இரும்பு இருப்பின் கறை பழுப்பு நிறம் பெறும். திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை தொடங்கக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் இதே சேர்மம்தான். எனவே சோப்புத்தூளால் எவ்வளவு தேய்த்தாலும் இக்கறை போவதில்லை.

செயற்படும் முறை

அமில வகையில் பெரும்பாலும் சுமார் 10 விழுக்காடு ஐதரோகுளோரிக் அமிலம் உள்ளது. இது கறையுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடைக் குமிழிகளாக வெளியேற்றுகிறது. எஞ்சும் கால்சியம் குளோரைடு நீரில் எளிதில் கரைந்துவிடும். திரவம் சரிவில் வழிந்தோடாமல் ஒட்டி நிற்பதற்காகக் கெட்டியாக்கப்படுகிறது. நீல நிறம் வெறும் சாயமே. பீங்கானின் மேற்பூச்சு கண்ணாடி போன்றதாதலால் அமிலம் அதைத் தாக்குவதில்லை. ஆனால் மொசைக் தரை, பளிங்கு, ஓடுகளின் இடையேயுள்ள சிமெண்ட் ஆகியவற்றிலும் சுண்ணாம்புச் சேர்மங்கள் உள்ளன, அவை அரிக்கப்படும். சில்லறையாக விற்கப்பட்ட ஆசிட் இதனினும் செறிவானது. அதன் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடுகள் விதித்தது.

வெளுப்பான் வகையில் சோடியம் ஐப்போகுளோரைட்டு உள்ளது. பிளீச்சிங் பவுடரும் இதன் உறவே. இது கிருமிகளைக் கொன்று கறையின் நிறத்தை நீக்கும், சுண்ணாம்பைக் கரைக்காது. கறை வெளுத்துத் தோன்றினாலும் அங்கேயே இருக்கும்.

கலப்பதன் ஆபத்து

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. தாமிரபரணியின் கடைப்பகுதியை அடுத்த சாகுபுரத்தில் உள்ளது போன்ற காஸ்டிக் சோடா ஆலைகளில், உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தும்போது குளோரின் வளிமம் கிடைக்கிறது. அதை ஐதரசனுடன் எரித்தால் ஐதரோகுளோரிக் அமிலமும், காஸ்டிக் சோடாவில் செலுத்தினால் வெளுப்பானும் உருவாகின்றன. வீட்டில் இவ்விரண்டும் சேரும்போது குளோரின் மீண்டும் விடுபடுகிறது. 1915-இல் முதல் உலகப் போரில் நச்சாக ஏவப்பட்டதும் இவ்வளிமமே. இது காற்றைவிட எடை மிகுந்தது. ஆகவே சிறிய கழிப்பறையில் தரையோடு தங்கி, குனிந்து தேய்ப்பவரையே முதலில் தாக்கும். கண்ணெரிச்சலும் இருமலும் தோன்றினால், கழுவி முடிக்க எண்ணாமல் உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறல் நீடித்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒன்றைப் பயன்படுத்திய பின் நிறைய நீரூற்றிக் கழுவி, மற்றதை வேறொரு நாளில் பயன்படுத்துவது பாதுகாப்பானது.