தீவகத்து நன்னீர்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்னாக்கும் நிலையங்களை அமைக்க 2024 ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. டீசலைக் கடல்கடந்து கொணரும் இடர் குறையுமென்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயின் மின்னுக்கு முன் நீரை எண்ணுதல் வேண்டும்.

தீவகத்து நன்னீர், சுண்ணக்கல்லினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் மாரிநீரேயாம். கடல்மட்டத்துக்கு மேலே அஃது ஓரடி உயர்ந்து நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் உண்டென்பர் நிலநீர் ஆய்வாளர். மேலே ஓரடி தாழ்ந்தே நிற்குமாயின், காலப்போக்கில் அடியிலுள்ள உவரும் அவ்வளவுக்கு மேலெழும். துலா மிதித்து இறைத்த நாளில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது, நீர்ப்பம்பிக்குக் களைப்பேது? கிணறு உவர்த்தால் தோட்டமும் போம். பின்னர்க் கடல்நீரை நன்னீராக்குதற்கு அம்மின்னையே செலவிடல் நேரும்.

ஆதலின் மின்னளவு கணிப்போர், கிணறுதோறும் நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கலாம் என்பதையும் உடன்கணித்தல் வேண்டும். தீவக மாணவர்கள் தத்தம் ஊர்க்கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து எழுதிவைப்பாராயின், அக்கணக்குக்கு அதுவே முதலேடாகும்.