பக்தாத் நகரின் கஹ்ரமானா



அலிபாபாவும் நாற்பது திருடர்களும் கதையைக் கேளாமல் வளர்ந்தவர்கள் உங்களில் எவரும் இருக்க மாட்டீர்கள். அக்கதைக்கு பக்தாத் மாநகரில் ஒரு நினைவுச் சின்னம் இருப்பதை அறிவீர்களா?

கர்ராதா பகுதியிலுள்ள ஒரு சதுக்கத்தின் நடுவே நாற்பது ஜாடிகள் குவிந்திருக்கின்றன. உச்சியில் ஓர் இளம்பெண் நின்று, கையிலுள்ள ஜாடியைச் சரித்துப் பிடித்திருக்கிறாள். அதிலிருந்து விழும் நீர் கீழுள்ள ஜாடிகள்மீது வழிந்தோடுகிறது. 1971இல் இந்த நீரூற்றை அமைத்தவர் முஹம்மத் கனி ஹிக்மத். 1929இல் பக்தாதில் பிறந்து, இத்தாலி சென்று சிற்பக்கலை கற்றுத் திரும்பியவர். சிலை என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அதனை எவரும் வணங்குவதில்லை. பக்தாத் மக்களுக்கு அது ஒரு கதையின் ஞாபகம். வழி சொல்ல ஓர் அடையாளம்.

அப்பெண்ணை அவர்கள் கஹ்ரமானா என்றழைக்கின்றனர். மரப்பிசின் இறுகி உண்டாகும் மஞ்சள் நிறக் கல்லே அரபியில் கஹ்ரமான். நாம் படித்த கதையிலோ அவள் பெயர் மர்ஜானா. மர்ஜான் என்றால் பவளம். ஸூரத்துர் ரஹ்மானில் முத்துடன் சேர்த்து நாம் ஓதும் சொல்தான் அது.

பக்தாத் மக்கள் சொல்லும் கதையும் சற்று வேறானது. கஹ்ரமானா ஒரு சத்திரக்காரரின் மகள். இரவில் சத்தம் கேட்டு விழித்தவள், ஜாடிகளுக்குள் திருடர்கள் பதுங்கியிருப்பதைக் கண்டு எண்ணெயை ஊற்றுகிறாள். அலறிக்கொண்டு வெளிவந்தோரைக் காவலர் பிடிக்கின்றனர்.

நூலில் உள்ள கதையில் தலைவன் கொண்டுவரும் ஜாடிகள் 38. அவற்றுள் ஒன்றில் எண்ணெய். மற்ற 37இல் ஆட்கள். இன்னொரு வியப்பு, ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இக்கதையே இல்லை! ஹலப் நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிஸில் சொல்ல, அதைக் கேட்ட அந்துவான் கலான் தம் பிரெஞ்சு நூலில் சேர்த்தார்.

2003 ஏப்ரலில் பக்தாத் வீழ்ந்தபோது கதை நிஜமாயிற்று. தேசிய அரும்பொருட் சாலை சூறையாடப்பட்டது. கலைக்கூடமும் தப்பவில்லை. திருடர்களை மடக்கிய பெண்ணுக்கு உருவம் தந்த ஹிக்மத்தின் படைப்புகளும் திருடு போயின. எழுபது வயதைக் கடந்த அவர் சோர்ந்து உட்காரவில்லை. களவு போனவற்றை மீட்கும் முயற்சியில் இறங்கினார். 2011இல் காலமாகுமுன் புதிய சின்னங்கள் சிலவற்றையும் வடிவமைத்தார். அவற்றுள் ஒன்று, சரிந்து விழும் பழங்கால முத்திரை உருளையைக் கைகள் பல தாங்கிப் பிடிக்கும் காட்சி.

அந்நாட்களில் கொள்ளைக்காரர்களை அமெரிக்கச் சிப்பாய்கள் 'அலிபாபா' என்றே அழைத்தனர். பாவம், கதையில் அலிபாபா விறகுவெட்டியல்லவா? திருடர் கூட்டத்தில் சேர்ந்தவன் அல்லனே!

சகோதரிகளே! மர்ஜானாவிடம் வாளோ படையோ இருக்கவில்லை. வீட்டுக் கதவில் யாரோ இட்டுச் சென்ற ஓர் அடையாளத்தை எல்லோரும் பார்த்திருக்கலாம்; அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். உடனே அயல் வீட்டுக் கதவுகளிலும் அதே அடையாளத்தை இட்டுத் திருடர்களைக் குழப்பினாள். வீடு பிழைத்தது எண்ணெயால் மட்டுமல்ல, அந்தக் கவனத்தாலும்தான். இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, குகை திறக்கும் மந்திரச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கதவு வரை அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.