கை நனைக்கிறவர்கள்

திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்ப மாட்டார்கள். "கை நனைச்சிட்டுப் போங்க" என்பார்கள். மனஸ்தாபம் வந்துவிட்டால், "அவங்க வீட்ல இனி கை நனைக்க மாட்டேன்." சாப்பிடுவதற்கே அதுதான் பெயர். நனைத்தால் போதும் என்ற எண்ணமும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

ஆச்சி காலத்தில் திண்ணையோரம் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் எப்போதும் இருக்கும். வெளியே போய் வந்தவர்கள் கை கால் அலம்பாமல் நடையைத் தாண்ட முடியாது. குளத்தங்கரைக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வந்தால், "ஏல, கைய மண்ணு வச்சுத் தேச்சியா?" என்று ஒரு விசாரணை. மண் இல்லையென்றால் அடுப்புச் சாம்பல். சாம்பலில் காரம் உண்டு. பிசுக்கைக் கொஞ்சம் எடுக்கும். மண்தான் வினை. ஊரே ஒதுங்குகிற கரையின் மண்ணில் வயிற்றுப் பூச்சி முட்டைகளுக்கா பஞ்சம்? சுத்தமாகப் போன கை அவற்றை நகக்கண்ணில் ஏற்றிக்கொண்டு திரும்பும்.

வீட்டில் சோப்பு இல்லாமலில்லை. கிணற்றடியில் சிரட்டைக்குள் சிவப்பாக ஒரு லைஃப்பாய் இருக்கும். அது குளிக்க. கை கழுவ எடுத்தால், "கரைச்சிராதல" என்று உள்ளிருந்து குரல் வரும்.

வயிற்றுப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்த இடத்தில் இன்று பள்ளியிலேயே வருஷத்துக்கு இரண்டு முறை அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். உள்ளே இருக்கிற பூச்சியை அது தீர்த்துவிடும். அடுத்த முட்டை வருகிற வழி மட்டும் பழைய நகக்கண்ணேதான்.

2020இல் சில மாதங்கள் ஊரே மாறிப்போயிருந்தது. கடை வாசல்களில் குழாய் வைத்த டிரம், பக்கத்தில் சோப்பு, இருபது நொடிக் கணக்கு. கொரோனாக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பின் ஒரு முனை கொழுப்பைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இந்த இழுபறியில் உறை கிழிந்துபோகும். எண்ணெய்ச் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்த யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டாம். டிரம்கள் போய்விட்டன. சானிடைசர் பாட்டில் மட்டும் சில கைப்பைகளில் மிச்சமிருக்கிறது. அழுக்கும் பிசுக்கும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்திபேதி தருகிற நோரோ வைரஸிடமும் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்கு இடம் கிடைக்காமல் நின்றபடி வேடிக்கை பார்த்தேன். பைக் சாவியும் போனும் ரூபாய் நோட்டும் தொட்ட கைகள் நேராக இலைக்குப் போகின்றன. இலையில் தெளித்த தண்ணீரைத் தடவிவிட்டதோடு கையும் நனைந்தாயிற்று. சாப்பிட்டு முடித்ததும்தான் பேசின் முன்னால் வரிசை. திரவ சோப்பை இரண்டு அமுக்கு அமுக்கி, நுரை வரத் தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோய் சாம்பார் வாசம் போய்விட்டதா என்று பார்க்கிறார்கள். கிருமிகள் எல்லாம் பாயசத்தோடு உள்ளே இறங்கிய பிறகு!

அவர்களையும் குறை சொல்ல முடியாது. பேசின்கள் இருந்தது சாப்பிட்டுவிட்டு வெளியேறுகிற வாசலில். நுழைகிற வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருந்தன.