உங்களுக்குத் தெரியுமா? ஒன்பதே முக்காலாவது பிளாட்பாரம்

லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், செங்கல் சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டி ஒன்று நிற்கிறது. அதன் மேல் பெட்டிகள், ஒரு பறவைக் கூண்டு. ஹாரி பாட்டர் ரசிகர்கள் வரிசையில் நின்று, வண்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் நுனியைப் பணியாளர் ஒருவர் தூக்கி வீச, சுவருக்குள் ஓடி நுழைவதுபோலவே படம் விழுகிறது!

ஆனால் படப்பிடிப்பு நடந்தது அங்கே அல்ல. 4, 5ஆம் பிளாட்பாரங்கள் பக்கம். கதைப்படி ஒன்பதே முக்காலாவது பிளாட்பாரம் இருக்க வேண்டிய 9, 10க்கு நடுவே தேடிப் போனால் ஏமாற்றம்தான். அங்கே சுவர் கிடையாது, தண்டவாளம்தான் ஓடுகிறது. யூஸ்டன் நிலையத்தோடு குழப்பிக்கொண்டதாக நாவலாசிரியர் ரௌலிங்கே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் படத்தில் நிலைய முகப்பாகத் தெரியும் கோபுரக் கட்டடமும் பக்கத்து வீட்டுச் சொத்து: செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையம். நிலையத்துக்கு வெளியேயும் இப்படித்தான்: முதல் படத்தில் மந்திரவாதிகளின் ‘லீக்கி கால்ட்ரன்’ விடுதிக்கு வாசலாக வந்தது லெடன்ஹால் மார்க்கெட் சந்தில் இருக்கும் ஒரு கதவு. பின்னாளில் அங்கே வந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. ஹாரிக்குப் பொருத்தம்தான்!

ஆறாம் படத்தில் (2009) மந்திரவாதிகளால் முறுக்கி உடைக்கப்படுவது தேம்ஸ் நதியின் மில்லினியம் பாலம். நாவலின் கணக்கில் கதை 1996இல் தொடங்குகிறது. பாலம் திறந்ததோ 2000 ஜூனில். அதுவும், நடப்பவர்களின் காலடியிலேயே பக்கவாட்டில் ஆட, இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். சரிசெய்து மறுபடி திறந்தது 2002இல். பாலம் ஆடியபோது மந்திரக்கோல் யார் கையிலும் இல்லை.