6 இஞ்ச் அளவு, 8 இஞ்ச் டின்

கோவையில் கேக் ஆர்டர் கிலோ கணக்கில்தான் வரும். போன வாரம் அரைக் கிலோ வாங்கிய வீட்டிலேயே இந்த வாரம் ஒரு கிலோ கேட்பார்கள். டின்னோ இஞ்ச் கணக்கு. சரவணம்பட்டி, வடவள்ளி என்று வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் தடுமாறுவது இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான். வேளாண் பல்கலைக்கழகம் முதல் வீட்டு வகுப்புகள் வரை இங்கே பேக்கரிப் பயிற்சிக்குக் குறைவில்லை. ஆனாலும் நோட்டில் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு டின்னுக்கான அளவு.

அரிசிம்பருப்புச் சாதத்தை நாலு பேருக்கும் நாற்பது பேருக்கும் கண்ணளவிலேயே இறக்கிவிடும் ஊர் இது. தண்ணீர் போதாவிட்டால் நடுவில் ஊற்றிக்கொள்ளலாம். ஓவனுக்குள் போன கேக்கை அப்படித் திருத்த வழியில்லை.

6 இஞ்ச் வட்ட டின்னும் 8 இஞ்ச் டின்னும் பார்வைக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மாவு நிரம்புவது அடிப்பரப்பில். எட்டெட்டு 64, ஆறாறு 36, வகுத்தால் 1.78. கேக் அதே உயரத்துக்கு வர, 100 கிராம் மைதா 178 ஆக வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பேக்கிங் பவுடருக்கும் அதே மடங்குதான். விலை சொல்லும்போதும் இந்த 1.78 நினைவில் இருக்கட்டும். பல பெண்களின் உழைப்புக் கூலி கரைவது இங்கேதான்.

9 இஞ்ச் வட்டமும் 8 இஞ்ச் சதுரமும் பரப்பில் ஏறக்குறைய ஒன்று. ஒன்றின் மாவை மற்றதில் அப்படியே ஊற்றலாம். இதய வடிவ டின் என்றால் இரண்டு டின்னிலும் தண்ணீர் நிரப்பி அளந்து ஒப்பிட வேண்டியதுதான்.

சிக்கல் முட்டையில் வரும். மூன்று முட்டை 5.33 ஆகிறது. நாமக்கல்லிலிருந்து வரும் நடுத்தர முட்டை, ஓடு நீக்கினால் சுமார் 45 கிராம். ஆறாவது முட்டையை நன்றாக அடித்து, அதில் 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி எடுத்தால் கணக்கு நேராகும். மிச்சம் ஆம்லெட்டுக்கு.

நேரத்தை மட்டும் பெருக்கக் கூடாது. மாவின் உயரம் மாறாதவரை ஐந்து பத்து நிமிடம்தான் கூடும். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து முடிவு செய்யலாம். சின்ன ஓடிஜியில் பெரிய டின் சுவரை முட்டி நின்றால் சூட்டுக் காற்று சுற்றாது, ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும். அப்போது மாவை இரண்டு 6 இஞ்ச் டின்களில் பிரித்துச் சுட்டு, கிரீம் தடவி அடுக்குவதே நல்லது.